ஏட்டைத் திறந்து காட்டுக!

தமிழ்நாட்டு அரசின் கடிதம் எதை எடுத்தாலும் அதன் நெற்றியில் ஒரு கோபுரம் நிற்கும். திருவில்லிபுத்தூர்க் கோபுரம் அது என்பர் பலர். மதுரையின் மேலைக் கோபுரம் என்று வாதிடுவோரும் உளர். எங்கள் வட்டாரத்தார் இந்த வழக்கில் இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். 1949 இல் அமைந்த சின்னம் அது. அந்த ஆண்டு ஏப்ரல் திங்களில் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் எங்கள் இராசபாளையத்துக் குமாரசாமி ராசா. கோபுரத்தின் அடியில் இன்று பொறித்திருக்கும் சொற்கள் இரண்டு: வாய்மையே வெல்லும்.

நன்று, வெல்லட்டும்! ஆனால் வெல்லுவதற்கு முன்னே வாய்மை வெளியே வந்தாக வேண்டுமல்லவா? கோபுர முத்திரையிட்ட தாள் கோப்புக்குள் நுழைகிறது. கோப்பு பேழைக்குள் நுழைகிறது. பேழைக்குப் பூட்டு உண்டு, பூட்டுக்குச் சாவி உண்டு. அந்தச் சாவி யார் இடுப்பில்? மன்னர் பெயர்களையும் போர்க்களங்களையும் சற்றே ஒதுக்கிவிட்டு, இந்த ஒரு கேள்வியைக் கையிற் பிடித்துக்கொண்டு தமிழகத்தின் ஆயிரம் ஆண்டு ஆட்சி வரலாற்றுக்குள் நடந்து பார்ப்போம், வாருங்கள் தோழர்களே!

பழம்பெருமை பேசுவோர் நம்மை முதலில் அழைத்துச் செல்லும் ஊர் உத்தரமேரூர். குடவோலை கண்ட ஊர், குடியாட்சியின் தொட்டில் என்பர். முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு அங்கே உள்ளன. ஒன்று கி.பி. 919, மற்றொன்று கி.பி. 921. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பல வாரியங்கள் அமைத்தனர்.

யாருடைய பெயர் அந்தக் குடத்தில் விழும்? சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். வேதம் ஓதியிருக்க வேண்டும். ஒரு வேதத்தோடு அதன் உரையும் கற்றவர்க்கு நிலத்தில் சலுகை உண்டு. அரைக்கால் வேலி போதும்! ஏனெனில் உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். சபையோ பார்ப்பனர் சபை. ஏரியைத் தூர்வாரியவன் பெயருக்கு ஏரி வாரியக் குடத்தில் இடமில்லை. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் ஓலையில்லை. பெண்ணுக்கோ ஓலையென்ற பேச்சே இல்லை. இதனைக் குடியாட்சி என்று கொண்டாடுவோர், 'குடி' என்ற சொல்லுக்கு எந்த அகராதியில் பொருள் தேடினர் என்பது நமக்கு விளங்கவில்லை.

ஆயினும் நஞ்செனத் தள்ளுவதையும் நன்றெனக் கொள்ளுவதையும் பகுத்துப் பார்ப்பதுதானே பகுத்தறிவு? அந்தக் கல்லிலே ஒரு விதி இருக்கிறது. வாரியத்தில் முன்பு பணியாற்றிக் கணக்குக் காட்டாது போனவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவன் பெயரை மட்டுமா? அவனுடைய சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், அம்மான் மக்கள், தாயோடு பிறந்தவன், தந்தையோடு பிறந்தவன், உடன்பிறந்தான், பெண் கொடுத்த மாமன், மனைவியோடு பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் பெற்ற மக்கள், மகளை மணந்த மருமகன், தகப்பன், மகன். இத்தனை பேருக்கும் தடை! தான் விலகிக்கொண்டு மைத்துனனை நாற்காலியில் அமர்த்தும் தந்திரம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ணியிருந்தோர் இந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு வாயில்தோறும் காவல் வைத்திருக்கின்றனர்.

கணக்கு எழுதுவோனுக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து பெரியோர் முன் காட்ட வேண்டும். வேறொருவனைப் புகுத்தி முடித்துவிடக் கூடாது. காட்டி, நேர்மையானவன் என்று பெயர் பெற்ற பிறகே அவனுக்கு அந்தப் பணி மறுபடியும் கிடைக்கும். விதியில் குறைசொல்ல இடமில்லை. ஆனால் கணக்கு யார் முன் காட்டப்பட்டது? நிலமுடைய வேதியர், நிலமுடைய வேதியருக்குக் காட்டிக்கொண்டனர். வரி கொடுத்தவன் வாசலுக்கு வெளியே நின்றான். ஏடு திறந்தது, அரைக்கதவு அளவுக்கு! நம் வரலாற்றில் இந்த அரைக்கதவு அடிக்கடி தென்படும்.

சோழர் போயினர், நாயக்கர் போயினர், கும்பெனியார் வந்தனர். ஊர்க்கணக்கு மட்டும் ஒரு வீட்டைவிட்டு மறு வீட்டுக்கும் போகவில்லை! கர்ணம் என்றும் கணக்குப்பிள்ளை என்றும் அவரை அழைத்தனர். எந்த நிலம் யாருடையது, எவ்வளவு பரப்பு, என்ன விளைந்தது, யார் உழுதான், எவ்வளவு தீர்வை என்பதெல்லாம் அவர் கையெழுத்திலே இருந்தன. சிட்டா அவர் வீட்டுப் பெட்டியில், அடங்கல் அவர் வீட்டுப் பரணில். தந்தைக்குப் பின் தனயன், தனயனுக்குப் பின் பெயரன்.

வழக்கமாயிருந்ததை வெள்ளையர் சட்டமாகவே ஆக்கினர். 1895 ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராம அலுவலர் சட்டம் அது. அதில் ஒரு வேடிக்கை. உரிமையுள்ள வாரிசு சிறு பிள்ளையாயிருந்தால்? கவலை வேண்டாம், பிள்ளையின் பெயரைப் பதிவு செய்துகொள்வார் கலெக்டர். அது வளர்ந்து வரும்வரை வேறொருவர் பணியைப் பார்ப்பார்! தொட்டிலில் கிடந்து பாலுக்கு அழும் குழந்தை ஓர் ஊர் முழுவதன் நிலக்கணக்குக்கும் உரிமையாளன். உழுது தேய்ந்த கிழவனோ, தன் பெயர் ஏட்டில் இருக்கிறதா இல்லையா என்று அறிவதற்கே உரிமையற்றவன்.

என் மாணவன் ஒருவனுடைய பாட்டனார் சேத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்க்காரர், எண்பதைத் தாண்டியவர். 1960களில் தாம் வாரத்துக்கு உழுத நிலத்தின் அடங்கலில் உழவன் பெயர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கப் போன கதையை ஒருநாள் எங்களுக்குச் சொன்னார். முன்வாசலில் நிற்கக் கூடாதாம். கொல்லைப் புறமாகச் சுற்றிப் போனாராம். கையில் காய்த்த முதற் பூசணி. காலையில் போனவரை வெயில் சாயும்வரை நிற்கவைத்து, கடைசியில் ஏட்டைப் பார்த்தும் பாராமலும் ஒரு சொல் உதிர்ந்ததாம்: "உன் பேரில் ஒன்றுமில்லை, போ." ஏட்டைத் தாமே பார்க்க வேண்டுமென்று கேட்டீர்களா ஐயா, என்றேன். பெரியவர் சிரித்தார். "எழுத்துத் தெரிந்தால் அல்லவா கேட்க?" என்றார். ஏட்டை மூடிவைக்க இரண்டு பூட்டுகள் இருந்தன. ஒன்று பெட்டியில் தொங்கியது. மற்றொன்றைக் கல்வி மறுத்தவர்கள் அவர் கண்ணிலேயே மாட்டிவிட்டிருந்தனர்.

அந்தப் பூட்டுகள் ஒரே நாளில் உடையவில்லை. எங்கள் பக்கத்துச் சேத்தூர், சிவகிரி போன்ற சமீன்களின் ஆட்சியை 1948 ஆம் ஆண்டின் எஸ்டேட்டு ஒழிப்புச் சட்டம் முடித்துவைத்தது. சமீன்தார் போனார், கர்ணம் இருந்தார். 1960 இல் ஆந்திரத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், பரம்பரையைக் காட்டி அரசுப் பணியில் முன்னுரிமை கேட்பது அரசியல் சட்டத்தின் 16 ஆம் விதிக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 1968 இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, பரம்பரைக் கிராம அலுவலர் சட்டத்தை நீக்கும் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு, 1969 இல், குத்தகை உழவரின் பெயரை அரசாங்கமே பதிவேட்டில் ஏற்றுவதற்கான சட்டம் வந்தது. கொல்லைப்புறத்தில் பூசணியோடு நின்ற மனிதருக்கு முதன்முதலாக ஏட்டிலே ஒரு வரி!

இறுதி வெட்டு 1980 நவம்பரில் விழுந்தது. எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை அடியோடு ஒழித்தது. ஏறத்தாழ 23,000 பதவிகள்! வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1982 இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார், தேர்வெழுதி வந்தார், எந்தக் குலத்திலிருந்தும் வந்தார். உத்தரமேரூரின் குடத்தைப் பாடப் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டுகிறோம். கணக்குப்பிள்ளையின் பெட்டி தெருவுக்கு வந்த இந்த வரலாற்றைப் பற்றி எத்தனை பாடப் புத்தகங்கள் ஒரு வரியாவது எழுதின? வகுப்பறையில் நின்று வரலாறு நடத்துகிறவன் என்ற முறையில் இதைக் கேட்கிறேன்.

கோயில் கணக்கின் கதையும் இதனோடு ஒட்டியதே. தேர் வடம் பிடிக்க ஊரார் தோள் வேண்டும், உண்டியல் நிறைய ஊரார் காசு வேண்டும். வரவு செலவு பார்க்க மட்டும் ஊரார் கண் வேண்டாம்! பனகல் அரசர் தலைமையிலிருந்த நீதிக்கட்சி ஆட்சி 1925 இல் இந்து அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, மதம் போயிற்று, மரபு போயிற்று என்று எழுந்த ஓலம் கொஞ்சமன்று. சட்டத்தை 1927 இல் மறுபடியும் நிறைவேற்ற வேண்டியிருந்தது. கடவுளைக் கேள்வி கேட்கவில்லை அந்தச் சட்டம், கணக்கைத்தான் கேட்டது. ஆனால் கடவுளைக் கேட்டபோது வராத கோபம் சிலருக்குக் கணக்கைக் கேட்டபோது வந்தது.

வெள்ளையர் ஆட்சியின் தலைமை அலுவலகங்களில் இந்த மூடுமந்திரம் இன்னும் நேர்த்தியாக நடந்தது. 1917 இல் ஆவணங்களை அழிப்பதற்கென்று ஒரு சட்டம் செய்தனர். 1923 இல் அரசு இரகசியச் சட்டம் செய்தனர். 1889 இலேயே இருந்த பழைய சட்டத்தின் முதிர்ந்த வடிவம் அது. அழிக்கச் சட்டம் உண்டு, மறைக்கச் சட்டம் உண்டு, காட்டச் சட்டம் இல்லை! அந்நியன் அப்படிச் செய்ததில் வியப்பில்லை; தன் கணக்கை அடிமைக்குக் காட்டும் ஆண்டானை எவர் கண்டார்? வியப்பெல்லாம் 1947 க்குப் பின்னரும் அந்தச் சட்டம் அப்படியே தொடர்ந்ததில்தான். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வெள்ளையர் எழுதிவைத்த கட்டுகளை ஆராய்ச்சியாளர் புரட்டலாம். நேற்று நம்மவர் எழுதிய கோப்போ சிதம்பர இரகசியம்! ஆவணத்தைக் காக்கவேண்டும் என்று ஒன்றிய அரசு சட்டம் செய்ததே 1993 இல். பொது ஆவணத்தை அழித்தவருக்கு ஐந்தாண்டுவரை சிறை என்கிறது அந்தச் சட்டம். ஆனால் அது ஒன்றிய அரசின் ஆவணங்களுக்கும் ஒன்றிய ஆட்சிப் பகுதிகளின் ஆவணங்களுக்கும் உரியது. தாலுகா கச்சேரியின் பரணுக்கு அது ஏறாது.

உலகிலே ஏட்டைக் காட்டச் சொல்லும் சட்டத்தை முதலிற் செய்த நாடு சுவீடன், ஆண்டு 1766. அதற்காக வாதாடியவர்களில் முதல்வர் ஆந்தர்சு சிதேனியசு. அவர் அந்நாளில் சுவீடனோடு இணைந்திருந்த பின்லாந்தைச் சேர்ந்தவர்; தொழிலால் ஒரு கிறித்துவ மதகுரு! அங்கே பூசாரி எழுந்து, அரசே உன் கணக்கைக் காட்டு என்றார். இங்கே பூசாரியிடமிருந்து கணக்கை வாங்கவே சட்டம் தேவைப்பட்டது. அமெரிக்க நாட்டுக்கே இத்தகைய சட்டம் 1966 இல்தான் வாய்த்தது என்பதால், நாம் மிகவும் பிந்திவிட்டோமென்று வெட்கப்படவும் வேண்டியதில்லை.

இனிச் சொல்லப் போவது நம் வீட்டுக் கதை. அதையும் சொல்லியே ஆக வேண்டும். ஊரார் ஏட்டைத் திறக்கச் சொல்லுகிறவன் தன் ஏட்டை மடியில் ஒளித்துக்கொள்ளலாமா?

1972 அக்டோபரில், தி.மு.கழகத்தின் பொருளாளராயிருந்த எம்.ஜி.ஆர்., கழகத்தார் தங்கள் சொத்துக் கணக்கைக் காட்டவேண்டுமென்று மேடையில் கேட்டார். கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். புதுக் கட்சி பிறந்தது. அந்தப் பிளவுக்குக் காரணங்கள் பல சொல்லுவர். தில்லியின் கை இருந்தது என்பர், தனிமனிதப் போட்டி என்பர். இருக்கலாம். ஆனால் தெருவிலே நின்ற தொண்டன் காதில் விழுந்த சொல் ஒன்றுதான்: கணக்கு. திராவிட இயக்கத்தின் பெரும் பிளவு ஒரு கணக்குக் கேள்வியின் மேல் நடந்தது என்பதை வரலாறு எழுதுவோர் மறைக்க இயலாது.

மறு ஆண்டே, 1973 இல், கலைஞர் மு. கருணாநிதியின் அரசு ஒரு சட்டம் செய்தது. தமிழ்நாடு பொது வாழ்வினர் குற்ற நடத்தைச் சட்டம் என்பது அதன் பெயர். முதலமைச்சர், அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர் என எவர் மீதும் ஊழற்குற்றச்சாட்டு எழுந்தால் விசாரிப்பதற்கென்று ஆணையர். ஆளுங்கட்சியே தன்மீது பிரம்பைத் தயாரித்துக் கொடுத்தது என்று மெச்சினோரும் உண்டு. அடிக்காத பிரம்பு என்று எள்ளினோரும் உண்டு. 1976 இல் அந்த அரசு கலைக்கப்பட்டது. நீதிபதி சர்க்காரியா ஆணையம் அமர்ந்தது. 1977 இல் எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்தார். வந்த சில திங்களுக்குள், அதே ஆண்டு செப்டம்பரில், 1973 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது!

சற்றே நின்று பாருங்கள் தோழர்களே. கணக்குக் கேட்டதால் விலக்கப்பட்டவர் ஆட்சியேறுகிறார். கணக்குக் கேட்கும் சட்டம் அவர் ஆட்சியில் இறந்துபோகிறது. சட்டத்தில் குறையிருந்தது என்பது வாதமானால், குறையைத் திருத்தியிருக்கலாம். இருந்த ஒரு கருவியை எறிந்துவிட்டு, புதியதொன்றைச் செய்யாமல் விட்டது எந்த வகை நியாயம்? இந்தச் சட்டத்தால் விளைந்த நிலையான பயன் ஒரு நீதிமன்றத் தீர்ப்புதான். 1979 இல், கருணாநிதி தொடுத்த வழக்கில், முதலமைச்சரும் பொது ஊழியரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. அரசுக் கருவூலத்திலிருந்து ஊதியம் பெறுகிறார். ஆகவே அவரும் ஊழியர். இராசபாளையம் நகராட்சியில் தெரு கூட்டுபவருக்கும் கோட்டையில் கொலு வீற்றிருப்பவருக்கும் சட்டத்தின் கண்ணில் ஒரே பெயர். அந்த ஒரு சொல்லுக்காகவேனும் அந்த வழக்கை நம் இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்த அடியை எடுத்துவைத்தவர்கள் அமைச்சரும் அல்லர், நீதிபதியும் அல்லர். இராசத்தானத்தின் வறண்ட நிலத்தில் மண் சுமந்த கூலிகள்! சென்னையில் பிறந்து, ஆட்சிப்பணியை உதறிவிட்டு அங்கே குடியேறிய அருணா ராயும் அவர் தோழர்களும் 1990 இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைக் கண்டனர். பஞ்ச நிவாரண வேலைக்கு முழுக்கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீ வேலை செய்ததாக ஏட்டில் இல்லை என்றனர். ஏட்டைக் காட்டு என்றால், அது அரசு இரகசியம்! பாலையில் குழி தோண்டியவன் பெயர் பட்டியலும் படைத்தளத்தின் வரைபடமும் ஒரே பேழையில்! 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் மக்கள் கூடி, கிடைத்த பதிவேடுகளை உரக்கப் படித்தனர். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதியிருப்பதை ஊரார் தங்கள் காதாலேயே கேட்டனர். 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் நாற்பது நாள் மறியல். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதே அவர்களுடைய முழக்கம். படிக்கத் தெரியாதவர்கள் நடத்திய போராட்டம் அது. அந்தச் சேத்தூர்ப் பாட்டனார் அங்கே பிறந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

அந்த மறியல் நடந்த மறு ஆண்டு, 1997 ஏப்ரலில், இந்திய மாநிலங்களிலேயே முதலாவதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது தமிழ்நாடு. கருணாநிதி அப்போது முதலமைச்சர். முதல் என்பதில் பெருமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தை விரித்துப் படித்தால் உத்தரமேரூரின் அரைக்கதவு மறுபடியும் கண்முன் வருகிறது. தரவேண்டாத தகவல் இவையிவை என்று 20 க்கும் மேற்பட்ட விலக்குகள். மறுத்த அதிகாரிக்குத் தண்டமில்லை. மேல்முறையீட்டுக்குத் தனித்து நிற்கும் ஆணையமில்லை. மறுத்த அரசிடமே போய், ஏன் மறுத்தாய் என்று முறையிட வேண்டும்! வாசலைக் காட்டிய சட்டம், வாசற்படி ஏற விடவில்லை. அதே ஆண்டில் கோவாவும், 2000 இல் கருநாடகமும் இராசத்தானமும் தத்தம் சட்டங்களைச் செய்தன. எல்லாவற்றுக்கும் மேலாக 2005 இல் நாடாளுமன்றச் சட்டம் வந்து, அக்டோபர் 12 முதல் நடப்புக்கு வந்தது.

அதன் சிறப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? ஏன் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது என்கிறது ஆறாம் பிரிவு. நூற்றாண்டுக் கணக்கில் கொல்லைப்புறத்தில் நின்றவர்களின் முதுகை நிமிர்த்தும் விதி அது. பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் விடை. உயிரும் விடுதலையும் பற்றியதானால் 48 மணி நேரத்தில். தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 ரூபாய்வரை, அதிகாரியின் சொந்தப் பையிலிருந்து! கணக்குக் காட்டாதவனைத் தடுத்த சோழர் காலத்து விதிக்கும், நம் காலத்துச் சட்டத்துக்கும் நடுவே தண்டம் என்ற ஒன்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தது. இம்முறை கேட்பவனுக்கு நிலமும் வேண்டாம், வேதமும் வேண்டாம்.

திறந்த கதவைச் சாத்தும் வேலையும் கூடவே தொடங்கிவிட்டது. 2008 ஆகத்து மாதத்தில் தமிழ்நாட்டு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இலஞ்ச ஒழிப்புத் துறையும் மாநிலக் கண்காணிப்பு ஆணையமும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்படா என்பது அது. உளவுக்கும் பாதுகாப்புக்கும் உரிய நிறுவனங்களுக்கென்று வைத்த 24 ஆம் பிரிவின் நிழலில் இலஞ்சத்தைத் துப்பறியும் துறையைக் கொண்டுபோய் நிறுத்தினர். ஊழல் பற்றிய தகவலை இந்த விலக்குத் தடுக்காது என்று அதே பிரிவு சொல்லுகிறது என்பதையும் சேர்த்துப் படித்தால் இதன் பொருத்தம் விளங்கும்! 1997 இல் முதற் சட்டம் தந்த கட்சிதான் 2008 இலும் ஆட்சியில் இருந்தது. நம்மவர் செய்ததாயினும் தவறு தவறே. நம்மவர் என்பதாலேயே நாம்தான் முதலிற் சொல்லவும் வேண்டும்.

மகாராட்டிரம் 1971 இலேயே கண்ட லோகாயுக்தா, தமிழகத்துக்கு 2018 சூலையில் வந்தது. உச்ச நீதிமன்றம் கேட்டுக் கேட்டுச் சலித்தபின். பல்லில்லாத பாம்பு என்று சொல்லி எதிர்க்கட்சியாயிருந்த தி.மு.கழகம் வெளிநடப்புச் செய்தது.

மாநிலத்தை விடுங்கள், தில்லிக்கு வாருங்கள். 2019 ஆம் ஆண்டின் திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் ஒன்றிய அரசின் கையில் கொடுத்தது, மாநில ஆணையர்களுக்கும் சேர்த்து! நடுவரின் சம்பளத்தை வழக்காடுபவனே முடிவு செய்கிறான். அதைவிடக் கூர்மையானது 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 44 ஆம் பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் கைவைத்தது. முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட செய்தியை மட்டும் மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் இருந்தது. திருத்தம் அந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டு, தனிநபர் பற்றிய தகவல் என்றாலே மறுக்கலாம் என்று வைத்தது. பொதுநலன் பெரிதெனின் தரலாம் என்னும் உட்பிரிவு ஒன்று இன்னும் இருக்கிறது, உண்மை. ஆனால் அந்தத் தராசு முதலில் யார் கையில்? ஏட்டை வைத்திருப்பவர் கையில்.

தனிமனிதரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதே. ஒருவரின் நோயையும் குடும்பத்தையும் ஊர் அறியவேண்டிய தேவை என்ன? ஆனால் கோட் கிரானாவில் உரக்கப் படித்தார்களே, அந்தக் கூலிப் பட்டியல், அது யாருடைய பெயர்கள்? தனிமனிதர் பெயர்கள்தாம்! பெயரை மறைத்துவிட்டுத் தொகையை மட்டும் காட்டினால், வேலைக்கு வராதவர் வாங்கிய கூலியை எந்த ஊரார் கண்டுபிடிப்பர்? அடங்கலில் உழவன் பெயர் தனிநபர் தகவல். பங்கீட்டுக் கடைப் பட்டியலில் குடும்பத் தலைவர் பெயர் தனிநபர் தகவல். ஒப்பந்தம் எடுத்தவர் பெயரும், அவருக்குக் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரும்கூடத் தனிநபர் தகவல் ஆகிவிடலாம். உத்தரமேரூரில் அத்தை மகனையும் அம்மான் மகனையும் பெயர் சொல்லி நிறுத்தினார்களே, இந்தத் திருத்தத்தின் கீழ், ஒப்பந்தக்காரர் தலைவருக்கு மைத்துனரா என்று கேட்டால் என்ன விடை வரும்?

விடை வரும்வரை நாம் சும்மா இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களுக்கும் 2022 நவம்பர் முதல் பகுதி சபைகள் வந்துள்ளன. இராசபாளையத்தாரும் திருவில்லிபுத்தூராரும் எங்களுக்கு இடமில்லை என்று சொல்ல வேண்டாம். இந்தக் கூட்டங்களில் ஊராட்சியின் வரவு செலவை மக்கள் கேட்கலாம், பயனாளிகள் பட்டியலைக் கேட்கலாம். இங்கே பத்து ரூபாயும் வேண்டியதில்லை, முப்பது நாளும் வேண்டியதில்லை. பெரும்பாலான ஊர்களில் நடப்பது என்ன? தீர்மானப் புத்தகத்தில் வரிசையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகின்றனர். அடுத்த கூட்டத்திற்குப் படித்த இளைஞர் இருவராவது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். கையெழுத்துப் போடுமுன், செலவுப் பதிவேட்டை வாங்கி, முதற் பக்கத்திலிருந்து ஊரார் காதில் விழும்படி உரக்கப் படியுங்கள்.